மிஞ்சிய கோழிக்கறியில் ஒரு சட்டிப் பை



கதிரவெளியில் எல்லா நாளும் கோழி அடுப்பில் ஏறுவதில்லை. கடலும் களப்பும் ஆறும் சூழ்ந்த எங்கள் ஊரில் அன்றாடக் கறி மீன்தான். தீபாவளி, பிள்ளையின் பிறந்தநாள், வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்திறங்கும் நாள் என்று ஒரு விசேடம் வந்தால்தான் கோழி வாங்குவோம், அல்லது முற்றத்தில் நிற்கும் ஊர்க்கோழியைப் பிடிப்போம். அப்படிச் சமைக்கும் நாளில் வந்தவர்களுக்குக் காணாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே சமைப்போம். அதனால் கறி மிஞ்சும்.

இம்மாதம் அந்த மிஞ்சிய கறியைப் பற்றிப் பேசுவோம். அதை எப்படிப் பழுதாகாமல் காப்பது, அதைக்கொண்டு வீடு முழுவதும் சாப்பிடக்கூடிய ஒரு புதிய உணவை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். அது யாருடைய தட்டுக்குப் போகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்போம். சமையல் பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சமையலின் கடைசி வேலை பரிமாறுவதுதானே? அதைப் பேசாமல் சமையலைப் பேச முடியாது.

மிச்சம் வேறு, எச்சில் வேறு

நமது மொழியில் இந்த இரண்டு சொற்களும் தனித்தனியாக இருப்பது நல்ல காரணத்துக்காகத்தான். சட்டியில் கை படாமல் கிடப்பது மிச்சம். தட்டில் ஒருவர் கை வைத்தபின் கிடப்பது எச்சில். மிச்சத்தைக்கொண்டு இன்னொரு சாப்பாடு செய்யலாம். எச்சிலை அப்படிச் செய்யக் கூடாது. வாயிலும் கையிலும் உள்ள கிருமிகள் அதில் கலந்துவிட்டன.

ஆனால் நமது வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளைகள் தட்டில் விட்ட இறைச்சித் துண்டை “எறியக் கூடாது” என்று தாய் எடுத்து வாயில் போடுகிறாள். இரவு முழுவதும் வெளியில் கிடந்த கறியைக் காலையில் மணந்து பார்த்து, பிள்ளைகளுக்குக் கொடுக்க மனமில்லாமல் தானே சாப்பிட்டு முடிக்கிறாள். பிள்ளைக்குக் கொடுக்க முடியாத கறி தாய்க்கு மட்டும் எப்படி நல்லதாகும்? வீண்விரயம் கூடாது என்பது நல்ல பழக்கம். அதற்காகப் பெண்ணின் வயிற்றைக் குப்பைக்கூடையாக்குவது நல்ல பழக்கம் இல்லை.

மிச்சத்திலிருந்து பிறந்த சாப்பாடுகள்

மிஞ்சியதை மாற்றிச் சமைப்பது நமக்குப் புதிதல்ல. இருக்கிற கறிகளை ஒன்றாகச் சேர்த்து, நீர் வற்றும் வரை சூடாக்கி எடுக்கும் சுண்டக்கறியை நம் அம்மம்மாமார் எல்லோரும் செய்தார்கள். அதன் ருசிக்கென்றே மறுநாள் காத்திருந்தவர்களும் உண்டு. ரொட்டியைக் கொத்தி, கறியும் முட்டையும் சேர்த்துப் பிரட்டும் கொத்துரொட்டியும் அதே யோசனைதான். அது மட்டக்களப்பில் பிறந்தது என்று மட்டக்களப்பாரும், திருகோணமலையில் பிறந்தது என்று திருகோணமலையாரும் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நமக்கு எது சரியென்றாலும் சம்மதமே.

மாவுக்குள் இறைச்சியை வைத்து மூடிச் சுடும் வழக்கம் கடல் வழியாக வந்தது. போர்த்துக்கீசர் 1628 இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். 1638 இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. போர்த்துக்கீசர் போனாலும் அவர்களுடைய சொற்கள் நம் சமையலறையில் தங்கிவிட்டன. குசினி, பாண், போறணை எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்களே. மட்டக்களப்பில் வாழும் பறங்கியர் சமூகம் அந்த மொழியின் ஒரு வடிவத்தை நீண்டகாலம் வீட்டில் பேசி வந்தது. இன்று பேக்கரியில் நாம் வாங்கும் பற்றிஸும் சிக்கின் பையும் இந்தக் கலப்பு வரலாற்றின் உறவுகள்தான்.

பை என்றதும் கையில் கொண்டுபோகும் பையை நினைக்க வேண்டாம். சட்டிக்குள் கறியை வைத்து, மேலே மாவை மூடிபோல விரித்துச் சுட்டெடுப்பதுதான் சட்டிப் பை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பண்டிகை நாளில் சுட்ட வான்கோழி மிஞ்சினால் அடுத்த நாள் பல வீடுகளில் இதைச் செய்வார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, உணவுக்குப் பங்கீடு இருந்த இங்கிலாந்தில், 1941 இல் இறைச்சியே இல்லாமல் கிழங்கும் கரட்டும் வைத்து ஒரு பை பிரபலமானது. அப்போதைய உணவு அமைச்சர் வூல்டன் பிரபுவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மாவும் கிழங்கும் இருந்தால் குறைந்த பண்டத்தையும் நிறைந்த சாப்பாடாக்கலாம் என்பது நெருக்கடியில் வாழ்ந்த எல்லாப் பெண்களும் அறிந்த கணக்கு.

நமக்கும் அந்தக் கணக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பின்னும், 2006, 2007 இடப்பெயர்வின் போதும் நிவாரணமாகக் கிடைத்த உலருணவில் கோதுமை மா முக்கியமான பங்கு. 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை இந்தப் பக்கத்தில் விரித்து எழுத முடியாது. ஆனால் அந்த மாதங்களில் மரநிழலிலும் கூடாரத்திலும் மூன்று கல் வைத்து, ஒரே மாவில் ரொட்டி, பிட்டு, களி, கஞ்சி என்று மாற்றி மாற்றிச் செய்து பிள்ளைகளைச் சாப்பிட வைத்தவர்கள் நமது பெண்கள். அவர்களுடைய கைகளுக்கு இந்தப் பை பெரிய வித்தையாக இருக்காது.

முதலில் பாதுகாப்பு

சமைத்த கோழி எளிதில் பழுதாகும். தேங்காய்ப்பால் சேர்ந்த கறியை நமது வெக்கையில் வெளியில் வைத்தால் இன்னும் விரைவாகப் பழுதாகும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெறுமனே மூடி வைத்த கறி நாள் முழுவதும் இந்த எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. சமைத்த உணவை 2 மணித்தியாலத்துக்கு மேல் சாதாரண சூட்டில் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 32 பாகைக்கு மேல் வெக்கை அடிக்கும் நாளில் 1 மணித்தியாலமே போதும் என்று எச்சரிப்பவர்களும் உண்டு.

“கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துப்போகும்” என்பது நம்மிடையே உள்ள நம்பிக்கை. கிருமி சாகும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் சில கிருமிகள் பெருகும்போது ஒரு நஞ்சை விட்டுவைக்கின்றன. கறியைத் திரும்பக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. வேறு சில கிருமிகள் வித்துப்போல உறங்கிக் கிடந்து, கறி மெதுவாக ஆறும்போது விழித்துப் பெருகும். கறியில் மணம் மாறாமலேயே இது நடக்கலாம். ஆகவே மணந்து பார்ப்பது போதாது. நேரத்தைப் பார்க்க வேண்டும்.

இவற்றை நினைவில் வைத்திருங்கள்:

• மிஞ்சும் என்று தெரிந்தால், பரிமாறுவதற்கு முன்பே ஒரு பங்கைச் சுத்தமான அகப்பையால் வேறு சட்டியில் எடுத்து மூடிவிடுங்கள். முடிந்தால் முதற்பால் விடுவதற்கு முன் எடுங்கள்.

• பிறிட்ஜ் இல்லாத வீட்டில் அன்று பகல் மிஞ்சியதை அன்று மாலையே பையாகச் செய்துவிடுங்கள். அதுவரை சட்டியைத் தணலில் நல்ல சூட்டோடு வைத்திருங்கள். மூடியைத் திறந்தால் ஆவி எழும்ப வேண்டும். அப்படி வைக்க முடியாவிட்டால் மிச்சம் வராத அளவுக்குச் சமைப்பதே நல்லது.

• பிறிட்ஜ் இருந்தால், கறியை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு 2 மணித்தியாலத்துக்குள் உள்ளே வையுங்கள். 3 நாட்களுக்குள் பயன்படுத்துங்கள். ஒரு தடவை மட்டும் சூடாக்குங்கள்.

• பச்சைக்கோழி வெட்டிய பலகையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சமைத்த கோழியில் வைக்காதீர்கள்.

• யாருக்காவது வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயோதிபர் என்றால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தேவையான பொருட்கள் (6 பேருக்கு)

உள்ளே வைப்பதற்கு: எலும்பு நீக்கிய கோழிக்கறித் துண்டுகள் 2 கோப்பை (சுமார் 300 கிராம்), உருளைக்கிழங்கு 2, கரட் 1, போஞ்சி ஒரு பிடி, பெரிய வெங்காயம் 1, பச்சைக் கொச்சிக்காய் 2, கறிவேப்பிலை, ரம்பை, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி, கோதுமை மா 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு.

கரட், போஞ்சி விலை கூடிய காலத்தில் வீட்டு வளவில் கிடைக்கும் பூசணி, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எதையும் சேர்க்கலாம். மரவள்ளியைத் தனியாக, மூடாத சட்டியில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்ட பிறகே சேர்க்க வேண்டும்.

மேல்மாவுக்கு: கோதுமை மா 250 கிராம் (2 கோப்பை), மாஜரின் 100 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, குளிர்ந்த தண்ணீர் 5 அல்லது 6 மேசைக்கரண்டி. மாஜரின் இல்லாவிட்டால் கால் கோப்பை தேங்காய் எண்ணெயும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்க்கலாம். மேல்மா சற்று மொறுமொறுப்பாக வரும்.

செய்முறை

1. கறியிலிருந்து இறைச்சியைப் பிய்த்தெடுங்கள். எலும்புகளை எறிய வேண்டாம். 3 கோப்பை தண்ணீரில் ரம்பையும் மிளகும் போட்டு அரை மணித்தியாலம் கொதிக்க வைத்து வடித்தால் நல்ல சாறு கிடைக்கும். இந்த நேரத்தில் இறைச்சியை வெளியில் வைக்காமல், மிஞ்சிய குழம்போடு சேர்த்து அடுப்பில் சூடாகவே வைத்திருங்கள்.

2. மாவில் உப்பும் மாஜரினும் சேர்த்து விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். அவிக்க வைத்திருக்கும் பிட்டு மாப்போல உதிரியாக வர வேண்டும். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சேர்த்துப் பிடியுங்கள். ரொட்டிக்குப் போல அடித்துப் பிசையக் கூடாது. பிசையப் பிசைய மா இழுபட்டு, சுட்டதும் கல்லாகிவிடும். ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் வையுங்கள்.

3. எண்ணெயில் வெங்காயம், கொச்சிக்காய், கறிவேப்பிலையை வதக்கி, 2 மேசைக்கரண்டி மாவைத் தூவி ஒரு நிமிடம் கிளறுங்கள். 2 கோப்பை எலும்புச் சாற்றைக் கட்டிபடாமல் சிறிது சிறிதாக விடுங்கள். சிறு துண்டுகளாக வெட்டிய கிழங்கையும் மரக்கறியையும் போட்டு முக்கால்வாசி வேக விடுங்கள்.

4. குழம்போடு இறைச்சியைச் சேர்த்து, நன்றாகக் குமிழி எழும்பக் கொதிக்க விடுங்கள். கறியில் ஏற்கனவே உப்பும் உறைப்பும் இருக்கும். ருசி பார்த்த பிறகே உப்பையும் மிளகுதூளையும் போடுங்கள். அகப்பையின் பின்புறத்தில் ஒட்டி நிற்கும் அளவு தடிப்பாக இருக்க வேண்டும். நீர்ப்பதமாக இருந்தால் மேல்மா ஊறிப்போகும்.

5. கலவையை அகன்ற மண்சட்டியில் முக்கால் உயரத்துக்கு ஊற்றுங்கள். மாவைக் கால் அங்குலத் தடிப்பில் சட்டி வாயைவிடச் சற்றுப் பெரிதாகத் தட்டி, மேலே விரித்து, ஓரத்தைச் சட்டியோடு அழுத்திவிடுங்கள். நடுவில் கத்தியால் நான்கு கீறல் போடுங்கள். ஆவி போக வழியில்லாவிட்டால் மா வெடித்துக் குழம்பு பொங்கி வெளியே வரும்.

6. மேல் நெருப்பு, கீழ் நெருப்பு: பெரிய அலுமினியச் சட்டியில் ஒரு அங்குலத்துக்கு மணல் பரப்பிச் சூடாக்கி, உள்ளே மூன்று சிறு கல் வைத்து, அதன்மேல் பைச் சட்டியை வையுங்கள். மேலே தகரத்தட்டால் மூடி, தட்டின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். தட்டு மாவில் முட்டக் கூடாது. கீழே இருப்பதைப்போல இரண்டு மடங்கு தணல் மேலே இருந்தால்தான் மா சிவக்கும். தணல் ஆறினால் மாற்றுங்கள். சுமார் 40 நிமிடத்தில் மேல்மா பொன்னிறமாகும். போறணை அல்லது மின்அவன் இருந்தால் 200 பாகையில் 30 முதல் 35 நிமிடம் போதும்.

7. இறக்கி 10 நிமிடம் பொறுத்து வெட்டுங்கள். உடனே வெட்டினால் குழம்பு ஓடிவிடும்.

சீனி வருத்தமும் கொழுப்பும் உள்ளவர்கள் மேல்மாவைக் குறைத்து, உள்ளே இருப்பதைக் கூட்டிச் சாப்பிடலாம். மாஜரின் சேர்ந்த உணவு எல்லா நாளும் வேண்டாம்.

யாருக்கு எந்தத் துண்டு?

வீடுகளுக்குச் செல்லும்போது நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?” கோழி சமைத்த வீடு என்றால் பதில் மகிழ்ச்சியாக வரும். சோறும் கோழிக்கறியும். “நீங்கள் எத்தனை துண்டு சாப்பிட்டீர்கள், அக்கா?” என்று அடுத்ததாகக் கேட்டால் ஒரு சிரிப்பு வரும். குழம்பு விட்டுச் சாப்பிட்டேன் என்பார்கள். கழுத்துத் துண்டு கிடந்தது என்பார்கள். கால் அவருக்கு, மற்றக் கால் மகனுக்கு, ஈரல் சின்னவளுக்கு. யாரும் சட்டம் போட்டு இப்படிப் பிரிப்பதில்லை. அகப்பை பிடிக்கும் கை பழக்கத்தில் அப்படிப் போகிறது. “நான் மறுகா தின்னுறன், நீங்க தின்னுங்க” என்று நம் பக்கத்துத் தாய்மார் சொல்வார்களே, அந்த “மறுகா” வரும்போது சட்டியில் எலும்புதான் இருக்கும்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 1973 முதல் வழங்கப்பட்டு வரும் திரிபோஷாவுக்கும் பல வீடுகளில் இதுவே நடக்கிறது. தாய்க்கென்று வந்த பக்கெற்றையும் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு, கடைசி உருண்டையைத் தான் சாப்பிடும் தாய்மாரை நமக்கெல்லாம் தெரியும். தாயின் அன்பில் குறை காண நான் இதை எழுதவில்லை. அந்த அன்பை வீட்டிலுள்ள மற்றவர்கள் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்துக்கு உணவு கிடைத்துவிட்டால் அதிலுள்ள எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று கணக்கிடுவது தவறு என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார். வீட்டுக்குள் நடக்கும் பங்கீட்டையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். நம் சட்டியை வைத்தே அதைக் கணக்கிடுவோம். 300 கிராம் சமைத்த கோழியில் சுமார் 80 கிராம் புரதம் உண்டு. ஆறு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 13 கிராம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் ஏறத்தாழ 40 கிராம். அதாவது அவளுடைய நாளாந்தத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு துண்டிலேயே கிடைக்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் தேவை இதைவிடக் கூட. குழம்பை மட்டும் விட்டுச் சாப்பிட்டால் அவளுக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

சட்டிப் பையை நான் விரும்புவதற்கு ருசியைவிட இதுதான் பெரிய காரணம். கறியை அகப்பையால் அள்ளும்போது யாருக்கு எவ்வளவு போனது என்று ஒருவரும் கவனிப்பதில்லை. பையில் காலும் இல்லை, கழுத்தும் இல்லை. இறைச்சி எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. ஆறு பேர் என்றால் எல்லோர் கண்முன்னாலும் ஆறு துண்டாக வெட்டலாம். ஒரு துண்டு குறைந்தால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வெட்டும்போது தாயின் துண்டை முதலில் எடுத்து அவளுடைய தட்டில் வையுங்கள். மறுகா சாப்பிட்டாலும் அது அவளுடையதாகவே இருக்கும். இன்னும் நல்லது, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது.

இந்த வேலையைத் தனியாகச் செய்ய வேண்டியதும் இல்லை. எலும்பிலிருந்து இறைச்சி பிய்க்க எட்டு வயதுப் பிள்ளை போதும். தணல் மாற்றும் வேலையை வீட்டு ஆண்களுக்குக் கொடுங்கள். கடற்கரையில் மீன் சுடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. விறகு சுமப்பது, மா பிடிப்பது, சட்டி கழுவுவது எல்லாம் ஒருத்தியின் தலையில் விழுந்தால், புதிய சமையல் என்பது அவளுக்குப் புதிய சுமையாகவே முடியும்.

உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசிப்பாருங்கள்

• கடைசியாக உங்கள் வீட்டில் கோழியோ இறைச்சியோ சமைத்த நாளில் யார் யாருக்கு எத்தனை துண்டு கிடைத்தது? உங்களுக்கு?

• மிஞ்சிய உணவை உங்கள் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள்? அது எத்தனை மணித்தியாலம் வெளியில் இருந்த உணவு?

• அம்மா சாப்பிட்டாளா என்று உங்கள் வீட்டில் கேட்பவர் யார்? அந்தக் கேள்வியை மகள் மட்டுமா கேட்கிறாள், மகனும் கேட்கிறானா?

கூட்டத்துக்கு வரும்போது ஒரு பையைச் செய்து கொண்டுவந்து, இந்தக் கேள்விகளைப் பேசியபடியே சூட்டோடு சமமாக வெட்டிச் சாப்பிடுங்கள். அன்று கோழி மிஞ்சவில்லையா? முட்டையை அவித்து வைத்தும், கீரி மீனை முள் நீக்கி வைத்தும் இதே பையைச் செய்யலாம். உள்ளே வைப்பது எதுவானாலும், வெட்டுவதற்கு முன் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.